தொப்புள்கொடி விழும்வரை

“குளிப்பாட்ட வர்றியா, காவல் காக்க வர்றியாக்கா?” என்று மேலேயிருந்து கேட்டாள் நோஹேலியா.

ரோஸ்மிரா அப்போதுதான் படி வெட்டிய மரத்தில் பாதி ஏறியிருந்தாள். தரையிலிருந்து ஒன்றரை ஆள் உயரத்தில் தூண்கள்மேல் நிற்கிற பலகை வீடு. ஏறுவதற்கு அந்த ஒற்றை மரம்தான். ஒரு கையில் இலைக்கட்டு, காலில் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ், குட்டையான கனத்த உடம்பு, ஐம்பத்திரண்டு வயது. மழையில் ஊறி மரம் வேறு வழுக்கியது.

“ரெண்டுக்குந்தான். முதல்ல ஏற விடு. நான் விழுந்தேன்னா கீழ படுத்திருக்கிற உன் பன்னிக்குத்தான் ஆபத்து.”

வேறொரு நாளாக இருந்தால் நோஹேலியா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். மருத்துவச்சி ரோஸ்மிராவின் வாய்க்குப் பூட்டே கிடையாது என்பது சான் ஹுவான் ஆற்றின் இரண்டு கரையிலும் உள்ள எம்பெரா பழங்குடி வீடுகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். வலியில் துடிக்கிறவளையே சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பிலேயே பிள்ளையை வெளியே எடுத்துவிடுவாள் என்று சொல்வார்கள். இன்றைக்கு நோஹேலியா சிரிக்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்தபடி வழியை விட்டு விலகி நின்றாள், அவ்வளவுதான்.

மூன்று நாள் பிள்ளை. பெண். கழுத்திலிருந்து பாதம்வரை ஹாகுவா காயின் சாறு பூசிக் கரேலென்று இருந்தது, முகம் மட்டும் பிறந்த நிறத்தில். பூசியவள் ரோஸ்மிராதான். கண்ணுக்குத் தெரியாத எதுவும் பிள்ளையை அண்டக்கூடாது என்று பூசுவது. பத்துப் பன்னிரண்டு நாளில் தானாகப் போய்விடும். இலைகளைக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, பிள்ளையை உள்ளே இறக்கினாள். காது மடல், கழுத்து மடிப்பு, அக்குள், தொப்புள். கொடி காய்ந்து சுருங்கியிருந்தது, இன்னும் விழவில்லை. பிறகு தொடைகளை விலக்கிப் பார்த்தாள். கறுப்புச் சாயத்தில் சிவப்பு தெரியாது என்பதால் முகத்தை நன்றாகக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“பாத்துட்டியா?” என்றாள் நோஹேலியா.

“பாத்துட்டேன். லட்சணமா இருக்கா. அப்பன் ஜாடை இல்ல, தப்பிச்சா.”

இந்தக் காலைக் குளியல் ஊர்ச்சபை போட்ட ஏற்பாடு. நாலு வருஷமாக நடக்கிறது. எந்த மருத்துவச்சி பெண் பிள்ளையை எடுக்கிறாளோ அவளே தினமும் வந்து, கொடி விழும்வரை குளிப்பாட்ட வேண்டும். ஏனென்றால் ‘வைத்தியம்’ செய்ய வேண்டியது கொடி விழுவதற்குள்தான் என்பது ஆற்றோரத்து நம்பிக்கை. விழுந்துவிட்டால் சதை கெட்டிப்பட்டுவிடும், அதற்கப்புறம் கைவைத்தால் பிள்ளைக்கு ஆகாது. அந்த ஏழெட்டு நாளைக் காப்பாற்றிவிட்டால் போதும், பெரும்பாலான வீடுகளில் மனசு மாறிவிடுகிறது. யாரும் அதைக் காவல் என்று சொல்வதில்லை, குளியல் என்றுதான் சொல்கிறார்கள். என்ன குளியல் என்று எல்லோருக்கும் தெரியும்.

வைத்தியம் என்பதும் பேருக்குத்தான். பெண் பிள்ளையின் பிறப்புறுப்பில் இருக்கிற சின்னப் பகுதியைச் சுட்ட ஊசியாலோ கத்தரியாலோ எடுத்துவிடுவது. எடுக்காமல் விட்டால் அது வளர்ந்து ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல் ஆகிவிடும், அவள் ஒருத்தனிடமும் அடங்கி வாழமாட்டாள் என்று அம்மாமார்கள் மகள்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆண்களிடம் மூச்சு விட்டதில்லை. ஒரு நோயும் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு வைத்தியம். ரோஸ்மிராவுக்கும் அது நடந்தது, நோஹேலியாவுக்கும் நடந்தது. ரோஸ்மிராவே அதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்தவள்தான்.

பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது நோஹேலியா பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, நீயே பண்ணிடேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். அவரு கரும்பாலைக்குப் போயிட்டாரு. பசங்க பள்ளிக்கூடத்துல. ஊசிகூடப் புதுசா வாங்கி வச்சிருக்கேன்.”

“நல்லதாப் போச்சு. உன் புருஷன் அரிஸ்தோபுலோ காற்சட்டையில பின்னாடி பெரிய கிழிசல் ஒண்ணு பாத்தேன். அதைத் தை.”

“விளையாடாதேக்கா.” நோஹேலியாவின் கண் கலங்கிவிட்டது. “போன தடவ என்னாலதான் போச்சு. காப்பி பறிக்கப் போறேன்னு போய் நாளைக் கடத்திட்டேன். இந்தத் தடவ கொடி விழறதுக்கு முன்னாடியே கேக்குறேன்ல? நீதானே அன்னிக்குச் சொன்னே, முன்னாடியே வந்திருக்கணும்னு.”

ரோஸ்மிரா துணியின் முனையைச் செருகினாள். பிள்ளையைத் தாயிடம் கொடுத்தாள். இலைக்கட்டில் மிச்சமிருந்ததை அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மரத்தில் இறங்கினாள்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை அது. நோஹேலியாவுக்கு அப்போது இருபத்தாறு வயது, முதல் பிள்ளை, பெண். மிரேயா என்று பெயர் வைத்திருந்தார்கள். காப்பி அறுவடை உச்சத்தில் இருந்த மாதம்; பழம் காத்திருக்காது. ஆறாம் நாளே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கீழேயுள்ள தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டாள். அங்கேயே கொடி விழுந்தது. எட்டாம் நாள் பதறிக்கொண்டு ரோஸ்மிராவிடம் ஓடி வந்தாள். ரோஸ்மிராவின் ஊசி எங்கேயோ போயிருந்தது, கத்தரிதான் கையில் கிடைத்தது. கை ஆழமாகப் போய்விட்டது. போன உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாம்பலை அப்பினாள், சிலந்திவலையை வைத்து அழுத்தினாள், துணியை மாற்றினாள், தெரிந்த மந்திரத்தையெல்லாம் சொன்னாள். ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது.

அப்போது நோஹேலியா அவள் முகத்தைப் பார்த்து, “ஏங்கா?” என்று கேட்டாள். திட்டவில்லை, சந்தேகப்படவில்லை. தெரிந்தவளிடம் தெரியாதவள் கேட்பதுபோலக் கேட்டாள். “கொடி விழுந்தப்புறம் கொண்டாந்தே. முன்னாடியே வந்திருக்கணும்” என்று ரோஸ்மிராவின் வாய் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து நோஹேலியா காப்பிச் செடியைத் தொட்டதில்லை. அறுவடைக்கு யார் கூப்பிட்டாலும் மணிக்கட்டு வலி என்பாள். சோம்பேறி என்று அரிஸ்தோபுலோ கேலி செய்வான், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். அதற்கப்புறம் பிறந்த இரண்டு பையன்களையும் எடுத்தவள் ரோஸ்மிராதான்.

இத்தனைக்கும் வைத்தியத்தைக் கைவிட வேண்டும் என்று ஊர்ச்சபையில் முதலில் எழுந்து நின்றவளும் இதே ரோஸ்மிராதான். அதைக் குறைத்துச் சொல்ல மனசு வராது. கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பிள்ளைகள் குற்றுயிராகப் போய்ச் சேர்ந்து, டாக்டர்கள் கேட்க, செய்திக்காரர்கள் வர, எம்பெராக்கள் காட்டுமிராண்டிகள் என்று ஊரெல்லாம் பேசிய காலம். மருத்துவச்சிகள் எல்லோரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். பெண்கள் மட்டும் கூடிக் கூடி மூன்று வருஷம் பேசினார்கள். கடைசியில் முழுச் சபை கூடிய அன்று ரோஸ்மிரா எழுந்து, முன்னூறு பேருக்கு முன்னால், “நாங்க தப்புப் பண்ணிட்டோம். எங்க கையால பிள்ளைங்க போயிருக்கு. இனி வேண்டாம்” என்றாள். ஆண்கள் வாயைப் பிளந்தார்கள். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். “எங்க வீட்டுலயுமா?” என்று பெண்டாட்டிகளைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அன்று தொடங்கி, ரோஸ்மிரா எடுத்த பெண் பிள்ளைகள் அறுபதுக்கு மேல். ஒருத்திமேலும் ஊசி படவில்லை. மழை, மண்சரிவு, காய்ச்சல் எதையும் பார்க்காமல் காலையில் இலைக்கட்டோடு போய் நிற்பாள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

சபையில் அவள் பேசியபோது மூன்றாம் வரிசையில் நோஹேலியாவும் இருந்தாள். கேட்டாள், கைகூடத் தட்டினாள். செத்துப்போன பிள்ளைகளெல்லாம் தன் பிள்ளைபோல நாள் தவறிச் செய்ததால் செத்தவர்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ள வழி செய்தவள் யார் என்று மேடையில் நின்றவளுக்குத் தெரியும். ‘நான்’ என்று சொல்லாமல் ‘நாங்கள்’ என்று பேசிவிட்டு இறங்கினாள்.

போன வருஷம் பெரெய்ரா நகரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பல நாட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மாலி என்கிற நாட்டிலிருந்து ஜெனேபா என்று ஒருத்தி, நெடுநெடுவென்று உயரம், மஞ்சள் துணியில் பெரிய தலைக்கட்டு. அவளும் ஒரு காலத்தில் இதே வேலை செய்தவள். இது எம்பெராக்களுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிய கேடு என்று ரோஸ்மிரா அதுவரை நினைத்திருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஊர் ஊராக, நாடு நாடாக நடக்கிறது, அங்கேயும் பெண்கள்தான் எழுந்து நின்று நிறுத்துகிறார்கள் என்று கேட்டபோது அவளுக்கு அழுகையும் வந்தது, தெம்பும் வந்தது. ஜெனேபா பேசுவதை ஒருத்தர் பிரெஞ்சில் சொல்ல, இன்னொருத்தர் ஸ்பானிஷில் சொல்ல, அதைக் கூடப் போயிருந்த சபைப் பெண் லிபியா எம்பெரா மொழியில் சொல்ல வேண்டும். ஒரு ஜோக் வந்து சேர்வதற்குள் சொன்னவள் சிரித்து முடித்துத் தண்ணீரும் குடித்துவிட்டாள். அப்படியும் இருவரும் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினார்கள். தன் கையில் இறந்த பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனதாக ஜெனேபா சொன்னாள். சில வீட்டில் கல்லால் அடித்தார்களாம், ஒரு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து அழுதார்களாம்.

“போய் என்னன்னு சொன்னே?” என்று ரோஸ்மிரா கேட்டாள்.

கேள்வி மூன்று வாய் மாறிப் போயிற்று, பதில் மூன்று வாய் மாறி வந்தது. “பிள்ளையோட பேரைச் சொன்னேன். அப்புறம் நான் பண்ணினதைச் சொன்னேன்.”

ரோஸ்மிரா எழுந்து குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுவிட்டு நெடுநேரம் நின்றாள். ஊருக்குத் திரும்பியதும் நோஹேலியா வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தாள். போனாள். வாழைக்காய் அவித்துப் போட்டார்கள், சாப்பிட்டாள், நாலு கதை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

நோஹேலியா ஊசி போடக் கேட்ட அன்றே சாயங்காலம் லிபியா தேடிக்கொண்டு வந்தாள். முப்பது வயது, சபையில் பெண்கள் விவகாரத்துக்குப் பொறுப்பு, கையில் எந்நேரமும் செல்போன், சிக்னல் கிடைக்காத ஊரில்.

“அக்கா, நோஹேலியா மேலாத்துக்கு ஆள் அனுப்பியிருக்கா. கார்மெலினா கிழவி வருதாம். சனிக்கிழமை.”

மேலாற்றுக் கார்மெலினா சபைக்குக் கட்டுப்படாதவள். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஊசியோடு போகிறவள்.

“சரி,” என்றாள் ரோஸ்மிரா.

“என்னத்த சரி? சபைக் காவல்காரங்க ரெண்டு பேரக் கோலோட வாசல்ல நிறுத்துறேன். கிழவியப் பாதியிலயே திருப்பி அனுப்பிடலாம்.”

“எத்தனை நாளைக்கு நிறுத்துவே? அவ ஒரு நாள் பிள்ளையத் தூக்கிக்கிட்டு மேலாத்துக்கே போயிடுவா. ரெண்டு பயலும் கோலைப் பிடிச்சுக்கிட்டுக் காலி வீட்டக் காத்துக்கிட்டு நிப்பானுங்க.”

“அப்ப என்ன பண்ணலாம்ங்கிறே?”

“நான் பேசுறேன்.”

“நீ பேசி மாறாதவங்க யாருமில்லதான்,” என்றாள் லிபியா, நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கையைப் பார்க்க ரோஸ்மிராவுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். வழி நெடுக வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே போனாள். வீட்டில் நோஹேலியா கோழிக்கு மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தாள், அரிஸ்தோபுலோ வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். “வாங்கக்கா! பிள்ளைய ஒரு நாளும் விடாம குளிப்பாட்டுறீங்களே, எங்கம்மாகூட எனக்கு இப்படிப் பண்ணதில்ல” என்று அவன் பல்லைக் காட்டினான். கார்மெலினா வரப்போவதை அவனிடம் சொல்லிவிட்டால்? வீட்டில் ரகளை நடக்கும், நோஹேலியாவுக்கு அடிகூட விழலாம், மிரேயாவின் சாவும் அவள் தலையிலேயே கிடக்கும். ரோஸ்மிரா குளிப்பாட்டினாள், துடைத்தாள், பார்த்தாள். பேசத்தான் முடியவில்லை. உலகத்துக் கதையெல்லாம் பேசுகிற வாய். திரும்பும் வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து தன்னைத் தானே கண்டபடி திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் ஏறிப் போனபோது கார்மெலினா ஏற்கெனவே அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பால் ஏற்றுகிற ஜீப்பில் விடியற்காலையே வந்துவிட்டாளாம். அரிஸ்தோபுலோவும் பையன்களும் கரும்பாலைக்குப் போய்விட்டிருந்தார்கள். எழுபது வயது, கருவாடுபோல உலர்ந்த உடம்பு, கழுத்து நிறைய மணிப்பட்டை. அவள் முன்னால் ஒரு வாழையிலையில் மெழுகுவர்த்தி, பஞ்சு, புது ஊசி.

“வா ரோஸ்மிரா. பெரிய ஆளாயிட்டே. நகரத்துல போட்டோவெல்லாம் புடிச்சாங்களாமே. எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா?”

ரோஸ்மிரா பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நோஹேலியா பிள்ளையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“சபையில சொல்லணும்னா சொல்லிக்கோக்கா,” என்றாள். “என்னைக் கட்டி வச்சாலும் சரி. இவளையும் நான் பறிகொடுக்க மாட்டேன்.”

“உக்காரு நோஹேலியா. மிரேயாவப் பத்திப் பேசணும்.”

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் பதினோரு வருஷமாகச் சொன்னதில்லை. நோஹேலியா பலகையில் உட்கார்ந்தாள். ரோஸ்மிராவும் எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான்.

“நீ தாமதமா வரல.”

நோஹேலியாவுக்குப் புரியவில்லை.

“கொடி விழுந்ததுக்கும் மிரேயா போனதுக்கும் சம்பந்தமே இல்ல. என் கை ஆழமாப் போயிடுச்சு. ஊசி கிடைக்கலேன்னு கத்தரி போட்டேன். ரத்தம் நிக்கல. எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல. நீ என் மூஞ்சியப் பாத்து ஏங்கான்னு கேட்டே. எனக்குப் பயமாயிடுச்சு. உன்மேல போட்டுட்டேன்.”

அடுப்பில் விறகு சரிந்தது. கார்மெலினா வெல்லத் தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் காப்பி பறிக்கப் போனேன்ல?” என்றாள் நோஹேலியா மெதுவாக. “போகாம இருந்திருந்தா...”

“போனாலும் போகாட்டியும். நீ முதல் நாளே தூக்கிட்டு வந்திருந்தா முதல் நாளே கொன்னிருப்பேன்.”

சொல்லிவிட்டாள். கொன்றது என்ற சொல்லை அவள் சபையில் சொல்லவில்லை, பெரெய்ராவில் சொல்லவில்லை, தனியாக இருந்தபோதுகூடத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதில்லை. இங்கே சொன்னாள். கைதட்ட ஒருத்தரும் இல்லாத இடத்தில், இருந்த ஒரே நல்ல பெயரையும் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள். ரோஸ்மிராவைப் பற்றிப் பெருமையாகப் பேச ஆயிரம் இருக்கலாம். இந்தக் காலைப்பொழுதுக்கு அதெல்லாம் உறைபோடக் காணாது.

நோஹேலியா அழவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“பதினோரு வருஷம்,” என்றாள். “என் வீட்டுல சாப்பிட்டே.”

“ஆமா.”

“ரெண்டு பயலுகளையும் நீதான் எடுத்தே.”

“ஆமா.”

“சிரிச்சே. என்னையும் சிரிக்க வச்சே.”

இதற்கு ரோஸ்மிரா தலையை மட்டும் ஆட்டினாள்.

“எறங்கு.”

“எறங்குறேன். என்னை என்ன வேணா பண்ணு. சபையில நானே சொல்றேன், உன் பேரச் சொல்லி, மிரேயா பேரச் சொல்லி. இவளுக்கு மட்டும் வேண்டாம் தாயி.”

“எறங்குன்னு சொன்னேன்ல!” நோஹேலியா கத்திய கத்தலில் பிள்ளை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. கீழே பன்றி எழுந்து ஓடியது.

பூட்ஸைப் போடக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு ரோஸ்மிரா இறங்கினாள். கீழே வந்து, சேற்றில் வெறுங்காலோடு நின்றாள். மேலே அந்தக் கிழவி இருக்கிறாள், ஊசி இருக்கிறது. கால் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் மரம் கிரீச்சிட்டது. கார்மெலினா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகத் தடவித் தடவி இறங்கினாள்.

“போகச் சொல்லிட்டா,” என்றாள்.

இருவரும் ஜீப் நிற்கிற மண்ரோடுவரை ஒன்றாகவே நடந்தார்கள். வேறு வழி இல்லை, ஒரே பாதைதான்.

“யாருக்கும் தெரியாதே. ஏன் போய்ச் சொன்னே?” என்றாள் கார்மெலினா.

“சொல்லாட்டி நீ பண்ணியிருப்பே.”

கிழவிக்குக் கோபம் வரவில்லை. வளைவு தாண்டியதும் நின்றாள். “ரத்தம் நிக்காமப் போனதெல்லாம் நம்ம கைதானா? ஆத்துப் பேய் அடிச்சதுன்னுல்ல நான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எல்லாமேவா?”

“எல்லாமே.”

ஜீப் வந்தது. கார்மெலினா வாழைத்தார்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது ரோஸ்மிரா பார்த்தாள்: கிழவி முன்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள்.

லிபியாவிடம் ரோஸ்மிரா எதையும் மறைக்கவில்லை. லிபியா, “அவ நாளைக்கே வேற யாரையாச்சும் கூப்பிட்டா? உன்மேல இருக்கிற கோவத்துலயே பண்ணிட்டான்னா?” என்று கேட்டாள். ரோஸ்மிரா, அடுத்த சபைக் கூட்டத்தில் தனக்குப் பேச நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல இலை பறித்தாள். போகக்கூடாதவள் போகிறாள் என்று தெரிந்தேதான் போனாள். கொடி விழவில்லையே, குளியல் நிற்கக்கூடாதே.

வீட்டு முன்னால் மரத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். வெட்டிய படியெல்லாம் மண்ணைப் பார்த்து, வழவழப்பான முதுகு மேலே. வீட்டில் ஆள் இல்லை, அல்லது ஆள் இருந்தாலும் யாரும் ஏறக்கூடாது என்று அர்த்தம். எத்தனை அவசரமாக இருந்தாலும் எம்பெரா யாரும் திருப்பிப் போட்ட மரத்தை மீறி ஏறமாட்டார்கள். கூரையில் அடுப்புப் புகை கசிந்துகொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் அளைகிற சத்தம் கேட்டது.

ரோஸ்மிரா கூப்பிடவில்லை. இலைக்கட்டைத் தூணடியில் வைத்துவிட்டு, மேலேயுள்ள பலகைத் தரையின் விளிம்புக்கு நேர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, கழுத்து வலித்தது.

நோஹேலியா வந்தாள். முகம் வீங்கியிருந்தது, தலை வாரவில்லை. கீழே நிற்கிறவளைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே விளிம்பில் உட்கார்ந்தாள். துணியை அவிழ்த்தாள். பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கால்கள் வெளியே தொங்கும்படி நீட்டிப் பிடித்தாள். ஈரம் காயாத சின்னக் கறுப்பு உடம்பு. தொப்புளில் கொடி நூலிழையில் ஆடிக்கொண்டிருந்தது.

“பாத்துக்கோ,” என்றாள் மலையிடம்.

ரோஸ்மிரா பார்த்தாள். கைக்கு எட்டாத உயரம்தான், ஆனாலும் வெளிச்சம் நன்றாக விழுந்தது. ஒரு கீறல் இல்லை. அப்போது பிள்ளை மூத்திரம் பெய்தது. வெட்டுப்பட்ட பிள்ளைகள் அந்த நேரத்தில் போடுகிற அலறல் ரோஸ்மிராவுக்குத் தெரியும். வீட்டைவிட்டு வெளியே ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்ட நாட்கள் உண்டு. இந்தப் பிள்ளை கொட்டாவி விட்டது. வெதுவெதுப்பாக ஒரு சரடு இறங்கி அவள் நெற்றியில் விழுந்து, கண்ணோரமாக வழிந்து, கழுத்து மணிகளுக்குள் போயிற்று. ரோஸ்மிரா நகரவில்லை. மேலே நோஹேலியாவும், பிள்ளை முடிக்கும்வரை, கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.